நான்கு மணல் மூட்டைகள்

பாசுமதி அரிசி வந்த சாக்குகள் அவை. பச்சைக் கோடு போட்டவை. மெஸ்ஸில் காலியானதும் மச்சான் அவற்றை எடுத்து வந்து, கேம்புக்குப் பின்னால் கிடந்த மணலை அள்ளி நிரப்பி, வலை தைக்கும் நைலான் நூலால் வாயைத் தைத்து, வேனின் கடைசி இருக்கைக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஓர் ஆள் தூக்கத் திணறும் கனம். பாலைவன நாட்டில் மணலை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிகிற ஒரே ஆள் என் அக்காள் புருஷன்தான் என்று துபாயில் எங்கள் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கடைசியில் அந்த மூட்டைகளை வேனிலிருந்து இழுத்துக் கீழே தள்ளியவனும் நான்தான். நான் செய்த காரியங்களில் அது இரண்டாவது மோசமானது. முதலாவதற்கு வருகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெல்டர், மச்சான் டிரைவர். சனிக்கிழமை விடிகாலையில் அல் கூஸிலிருந்து கிளம்பி, மலை ரோடு வழியாகப் புஜைரா போய், வியாழன் மதியம் திரும்புவோம். அந்த வேனுக்குப் பின் சக்கரங்களில்தான் இழுவை. ஆள் குறைந்தால் வால் லேசாகிவிடும். ரோட்டில் மணல் ஏறியிருந்தாலோ, பல மாதம் எண்ணெய் குடித்த தாரில் முதல் மழை விழுந்தாலோ பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு வழுக்கும். மச்சான் எங்கள் குமரிக் கடற்கரையில் வள்ளம் ஓட்டியவர். "வெறும் வள்ளத்துல கல்லப் போடாம கடலுக்குப் போவியாலே? காத்து தூக்கி அடிச்சிரும். இதுவும் அப்பிடித்தான் கேட்டியா" என்பார். கடலில் பிரேக் கிடையாது என்பது அவருடைய இன்னொரு பேச்சு. வழுக்கும்போது பிரேக்கில் கால் வைக்கிறவன் வண்டியைச் சாத்தானிடம் கொடுத்துவிடுகிறான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பு, தலை தானாக நேரே வரும். இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

இவ்வளவு பொறுமையாக வண்டி ஓட்டிய மனிதர் தரையில் இறங்கிவிட்டால் மூர்க்கர். துறைமுகத்தில் ஒருவன் தாடையைத் துடுப்பால் பெயர்த்தவர் என்று ஊரில் பெயர். அவருடைய இடது புருவத்தை ஒரு வெட்டுத் தழும்பு இரண்டாகப் பிரித்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் குடித்துவிட்டு வந்தபோது கேம்பு வாசலில் அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தார். பல் உதட்டில் ஏறி இரத்தம் கொட்டியது. பிறகு அவரே ஐஸ் வாங்கி வந்து துணியில் சுற்றிக் கொடுத்தார். என் அக்காள் அவரை நேசித்தாள், அதே அளவு அவர் கையைக் கண்டு பயந்தாள். அந்தப் பயம் இந்தக் கதையில் பின்னால் வேலை செய்கிறது.

எங்கள் போர்மேனும் தமிழர்தான். ஊரைச் சொல்லி அந்த ஊர்க்காரர்களை நோகடிக்க விருப்பமில்லை. வேனில் டிரைவருக்கு வலப்பக்கத்து முன் இருக்கை அவருடையது. மடியில் மஞ்சள் ஹெல்மெட் இருக்கும். வண்டி கொஞ்சம் மெதுவானால் "யல்லா, யல்லா" என்பார். அதற்கும் வேகம் ஏறாவிட்டால் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து, அதன் விளிம்பால் மச்சானின் காதோரம் ஓங்கி அடிப்பார். முதல் தடவை அடித்தபோது நான் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காது மடல் கிழிந்து இரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. வேனுக்குள் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம், இன்றைக்கு ஒரு கொலை விழப்போகிறது என்று. மச்சான் கண்ணாடியில் பின்னால் வந்த லாரியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், ஓட்டிக்கொண்டே இருந்தார். கேம்பில் நான் கேட்டபோது, "ஸ்டீயரிங்குல கை இருக்கும்போ நான் யாரையும் அடிக்க மாட்டேன். பின்னால பத்து உசிரு இருக்கு" என்றார். இறங்கின பொறவு என்ன தடை என்றேன். சிரித்தார். வண்டி நிற்கும் முன்பே போர்மேன் கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவதை நானும் அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். போர்மேனுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது.

கேம்பின் ஒரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ரூமில் எட்டுக் கட்டில். ஒருநாள் மதியம், சமையல் முறை யாருடையது என்ற சண்டையில் ஒருவன் இன்னொருவன் மண்டையைக் குக்கரால் உடைத்தான். சுவரெல்லாம் இரத்தமும் பருப்பும். கேம்பு பாஸ் வந்து கேட்டபோது மற்ற ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னோம்: தூங்கிக்கொண்டிருந்தேன். எந்த விசாரணைக்கும் எங்களுக்கு அதுதான் பதில். பார்த்தேன் என்றால் சாட்சி, பார்க்கவில்லை என்றால் பொய். தூங்கினவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக வருகிறவனுக்கு பாத்ரூம் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

அந்த வியாழக்கிழமை போர்மேன் லீவில் ஊருக்குப் போகிறார். சாயங்காலம் துபாயில் பிளைட். சைட்டில் வேனருகே அவருடைய கம்பளிப் பொதிகளும் அட்டைப்பெட்டிகளும் மலையாகக் கிடந்தன. பின்னால் இடமில்லை. "இந்தக் குப்பைய எறக்குடா" என்று மணல் மூட்டைகளைக் காட்டி என்னிடம் சொன்னார். மச்சான் அப்போது கேட்டில் பாஸ் காட்டி வெளியேறும் சீட்டு வாங்கப் போயிருந்தார். நான் நினைத்திருந்தால் டிரைவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஹெல்மெட் அவர் கையில் இருந்தது. நான்கையும் இழுத்துத் தள்ளினேன். ஒன்று கிழிந்து மணல் கொட்டியது. மச்சான் திரும்பி வந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொதிகளைத் தூக்கிப் பார்த்து, "பஞ்சு" என்று மட்டும் சொன்னார். மூட்டைகளைத் திரும்ப ஏற்றக் குனிந்தவரின் முதுகில் போர்மேன் பூட்ஸ் காலால் உதைத்துவிட்டு, அவர் நிமிரும் முன்பே வேனில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். வேன் கிளம்பியது.

வேனில் அன்று நாங்கள் மொத்தம் ஏழு பேர்தான். கடைசி இருக்கையில் பெரம்பலூர்க்காரர் ஒருவர், சாரம் கட்டுகிறவர். எப்போதும் செருப்பைக் கழற்றி மூட்டையின் மேல் முதுகைச் சாய்த்துக்கொள்வார். அன்று கம்பளிப் பொதியில் சாய்ந்துகொண்டு, இதுதான் சொகுசு என்று சிரித்தார்.

மலைக்குள் நுழைந்ததும் வானம் கறுத்தது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி. நெல்லிக்காய் அளவில் விழுந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. முன் கண்ணாடியில் ஒரு விரிசல் ஓடியது. இரண்டு நிமிஷத்தில் ரோடு வெள்ளையாகிவிட்டது. நாங்கள் யாரும் அப்படியொரு ரோட்டைப் பார்த்ததில்லை. அரபி வீட்டுக் கார்கள் ஓரங்கட்டி நின்றன. மச்சானும் நிறுத்த இடம் பார்த்தார், அங்கே ஓரமே இல்லை. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் வறண்ட ஓடைப் பள்ளம், நடுவே இறக்கம். இரண்டாவது கியருக்கு இறக்கி ஊர்ந்தார். போர்மேன் கத்தினார், கேட்கவில்லை. ஹெல்மெட்டால் அடித்தார். நெற்றியோரம் பிளந்து இரத்தம் மச்சானின் கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

வளைவில் வால் வலப்பக்கம் போனது. மச்சான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஸ்டீயரிங்கை அதே வலப்பக்கம், தொட்டிலை ஆட்டுவதுபோல மெதுவாகத் திருப்பினார். சொன்னபடியே தலை நேராகத் திரும்பிக்கொண்டிருந்தது. பள்ளத்தை நோக்கி ஸ்டீயரிங் திரும்பியதை மட்டுமே கண்ட போர்மேன் அலறிக்கொண்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தார். மோதிரம் போட்ட அந்தக் கையை நான் ஒரு முழத் தூரத்தில் பார்த்தேன். பின் சக்கரங்கள் இறுகின. வேன் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாறையில் இடித்து, திரும்பிப் பள்ளத்தில் உருண்டது. எத்தனை உருட்டு என்று தெரியாது. என் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

வெளியே வந்தபோது பெரம்பலூர்க்காரர் வேனுக்கு அடியில் இடுப்புவரை கிடந்தார். வாய் திறந்திருந்தது, அதில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. மச்சான் அவர் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, பாறையில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்த போர்மேனிடம் போனார். இப்போது அவர் கையில் ஸ்டீயரிங் இல்லை. அந்த ஹெல்மெட்டாலேயே அடித்தார். அது உடைந்ததும் கையால் அடித்தார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. சுற்றிலும் வெள்ளையாகக் கிடந்த ஆலங்கட்டி சிவந்தது. போலீஸ் வந்தபோது அவர்கள் கண்டது, அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் கொல்ல வெறிபிடித்து நின்ற ஒரு டிரைவரைத்தான்.

புஜைரா ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே போலீஸ் அதிகாரியும் மலையாளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்து நின்றார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் கம்பெனி ஆள் வந்து, வாயைத் திறக்கிறவன் விசா கலாஸ், அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். டிரைவர் பிரேக் பிடித்தாரா, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்த மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். அதிகாரி ஜன்னல் வழியே ஆலங்கட்டியில் நசுங்கிக் கிடந்த கார்களைப் பார்த்தார். அந்த மழையில் எல்லாரும் தூங்கினீர்களா என்று மறுபடி கேட்கச் சொன்னார். ஆமாம் என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் ஆமாம் என்றேன். போர்மேன் உயிர் பிழைத்து, டிரைவர் பிரேக்கை மிதித்தான் என்று எழுதிக் கொடுத்தார். மச்சானுக்காகப் பேச ஒரு கண்கூட விழித்திருக்கவில்லை.

ஜெயிலில் ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சானின் தலை மொட்டையாக இருந்தது. அவரே பேசினார். "நீ தூங்கிட்டன்னு சொன்னியாமே. எனக்கு வாசிச்சுக் காட்டினானுவ. சரி, அப்பிடியே இருக்கட்டு. ரெண்டு பேரும் போயிட்டா அங்க அவளுக்கும் பிள்ளைக்கும் யாரு இருக்கா?" நான் அழுதேன். "அழாத மக்கா, போ" என்றார்.

தண்டனை முடிந்து ஊருக்கு அனுப்பினார்கள். மறுபடி வள்ளத்தில் போனார். அக்காளிடம் தன் தவறு என்றே சொல்லியிருந்தார், அவளும் நம்பினாள். ஆத்திரத்தில் மிதித்திருப்பார், அவர் குணம்தான் தெரியுமே என்று என்னிடமே சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு அவர் கை யார் மேலும் ஓங்கப்படவில்லை. நான் குவைத்துக்கு மாறினேன், கல்யாணம் செய்தேன், மங்காஃபில் வீடு பிடித்தேன். மூன்று வருஷம் முன்பு நெஞ்சு வலியில் மச்சான் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட நான் அக்காளிடம் வாயைத் திறக்கவில்லை.

போன தை மாதம் அவர் மகள் போன் செய்தாள். நர்ஸ். குளிர் நாடு ஒன்றில் வேலை. "மாமா, இஞ்ச ரோடெல்லாம் பனி. டூட்டிக்கு நானே ஓட்டிட்டுப் போணும். நேத்து வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டு. கால் தானா பிரேக்குல போயிட்டு, மரத்துல போய் இடிச்சேன். அப்பா காலுதான எனக்கும். வேலைய விட்டுரலாமான்னு இருக்கு." நான் அடிபட்டதா என்று கேட்டேன், இல்லை என்றாள். எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டி என்று கேட்டேன். பழைய வண்டி, பின் சக்கரம் என்றாள்.

காலை எடு என்றேன். பிரேக்கைத் தொடாதே, வால் போகிற பக்கமே மெதுவாகத் திருப்பு, பின்னால் கனம் வை. வரிசை மாறாமல் அத்தனையும் என் வாயில் வந்தது. "இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். உங்கப்பா என்றேன். "அப்பாதான பிரேக்க மிதிச்சி..." என்று அவள் தொடங்க, நான் மறித்து, மிதிக்கவில்லை என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மூட்டையை இறக்கியது, ஹெல்மெட், கண்ணில் இறங்கிய இரத்தம், மோதிரக் கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நீங்க முழிச்சிட்டுத்தான் இருந்தீங்களா மாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் அவளும் பேசவில்லை, அக்காளும் பேசவில்லை. எட்டாம் நாள் அக்காளிடமிருந்து ஒரே வரி வந்தது: இனி இந்த வீட்டுப் படி ஏறாதே. அன்று மதியமே அவள் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. கார் டிக்கி திறந்திருக்கிறது, பின்னால் ரோடெல்லாம் வெள்ளை. டிக்கிக்குள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மணல் மூட்டைகள்.