உயிரோடு இருந்தவனுக்கு ஓர் இரங்கல்

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்குச் சான்றாக, அவர் அலுவலர் முன் நேரில் வந்து நின்றாலே போதும். வேறு சான்று கேட்கக் கூடாது. கருவூலத்தில் பணிக்காலம் முழுக்க நான் பிறருக்கு எடுத்துச் சொன்ன விதி இது. என் வீட்டு வாசலில் அதை நானே மீறினேன். உயிரோடு வந்து நின்ற நண்பனைச் செத்தவனாகவே விட்டுவைத்தேன்.

ஓய்வு பெற்ற பின், கோவையில் என்னுடன் கல்லூரியில் படித்தவர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினேன். அன்று அது லேசான வேலையா? ஒரு பக்கத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால், அதே போன் கம்பியில் வந்த இணைய இணைப்பு அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து... ஏற்றி முடித்தால், "எழுத்துரு இல்லை, கட்டம் கட்டமாகத் தெரிகிறது" என்று சிங்கப்பூரிலிருந்து புகார். பாராட்ட மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

அப்போதுதான் சென்னியப்பன் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த என் வகுப்புத் தோழன். நான் விசாரிக்கவில்லை. இரங்கல் எழுதி ஏற்றினேன். மின்னஞ்சல்கள் குவிந்தன. படித்து அழுததாக எழுதியிருந்தார்கள். என் கோப்புக் குறிப்புகளைப் படித்து அழுதவர்கள் உண்டு. அது வேறு கதை.

ஒரு நாள் காலையில் சென்னியப்பனே வந்தான்.

"ஏம்ப்பா, என்ற காரியத்துக்கு என்னையக் கூப்புடவே இல்லையே நீ?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "அண்ணன் தெம்பாத்தானுங்க இருக்கறாரு. அதைய எடுத்துப்போடுங்க."

அவன் சிரிப்பு நின்றது. "வெளிநாட்டுல இருக்கற நம்ம பசங்க எனக்குக் கடுதாசி போட்டுட்டே இருப்பானுக. ஊட்டுக்காரி போனதுக்கப்புறம் அதுதான் எனக்குப் பேச்சுத்தொணை. இப்ப ஒருத்தனும் போடறதில்லை. நானா 'சாகலை'ன்னு எழுதறதுக்கும் கூச்சமா இருக்குது. எடுத்துரு, சாமி."

"ஒரு ஈமெயில் அனுப்பு. எழுத்துல இருந்தாத்தான் திருத்த முடியும்" என்றேன்.

"மண்டியில தராசுதான் இருக்குது. சரி, பையன்கிட்டச் சொல்றேன்."

அப்படி ஒரு நடைமுறையே கிடையாது. தளம் என்னுடையது. அதன் மேலதிகாரியும் நான், எழுத்தரும் நான். பிறகு ஏன்? நான் எழுதியதிலேயே நல்லது அந்த இரங்கல்தான். அதை எடுத்தால், விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒரு வரி போட வேண்டும். அந்த வரியைப் போட என் கை எழவில்லை...

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன். அவன் போனில் கேட்டபோதும், "உன் ஈமெயில் இன்னும் வரலையே" என்றேன். பிறகு அவன் கேட்கவில்லை.

கடைசியில் அது வந்தது, அவன் மகனிடமிருந்து.

"அப்பா போன வாரம் தவறிட்டாருங்க. உங்களுக்கு எழுதச் சொல்லிட்டே இருந்தாருங்க, நான்தான் தள்ளிப்போட்டேன். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டுங்க. தேதியை மட்டும் மாத்திருங்க."

மாற்றினேன். ஒரு நிமிட வேலை. வேறு எந்த விளக்கமும் சேர்க்கவில்லை. தள்ளிப்போட்டவர் நீங்கள் அல்ல என்று அந்தப் பையனுக்கும் எழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை.

அந்தப் பையனின் மின்னஞ்சல் வந்த அன்று காலையில்தான், வருடாந்திர நேர்காணலுக்காகக் கருவூலத்தில் போய் நின்று, நான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வந்திருந்தேன். என்னிடம் யாரும் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை.

எழுத்தில் இருக்கட்டும்: அன்றைய தேதி, 1999 ஏப்ரல் 5.