எண்ணூர் மணலில் கிடந்த சரக்கு விமானம்

ரிப்பேர் தொழிலில் இருப்பவனை யாரும் நல்ல நாளில் தேடி வருவதில்லை. ஸ்பானர் பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. பம்போ, மோட்டாரோ, அச்சு மிஷினோ, கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும். ராயபுரத்தில் நான் பிட்டராக இருந்தபோது எங்களிடம் வந்தது ஒரு விமானம். வந்தது என்று சொல்வதே தப்பு. நாங்கள்தான் போய் இழுத்து வந்தோம்.

எங்கள் முதலாளி சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பழைய இரும்பு, தகர வியாபாரம். கூடவே ஒரு ஒர்க் ஷாப். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற சமயத்தில் எண்ணூர்க் கடற்கரையில் இறங்கி, எழும்ப முடியாமல் நின்றுபோன ராணுவச் சரக்கு விமானம் ஒன்றை, ஐந்தாறு வருஷம் கழித்து ஏலத்தில் எடுத்தார். உடைக்கத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது வேறு: "ஆயுசு பூரா உடைச்சுத்தான்வே வித்திருக்கேன். ஒண்ணையாவது எழுப்பி விடணும்."

உள்ளே குடியிருந்தவள்

அளவெடுக்க நானும் அந்தோணியும் போனோம். அந்தோணி என்னோடு வேலை பார்த்தவன். சண்டையின்போது ராணுவத்தில் இதே மாதிரி விமானங்களுக்கு மெக்கானிக். கதவை இழுத்தால் உள்ளே அடுப்பு, பாய், இரண்டு சட்டி. அஞ்சலை என்கிற மீனவப் பெண் குடியிருந்தாள். ஐப்பசிப் புயலில் குடிசை போயிற்று. அதே புயலில் கட்டுமரத்தில் போன புருஷனும் திரும்பவில்லை. எட்டு மாதமாக அவளுக்கு அதுதான் வீடு.

வேறு இடம் பார்த்துத் தருகிறோம் என்றேன். அவள் கவலை இடத்தைப் பற்றி இல்லை. கடலுக்குள்ளிருந்து பார்த்தால் வெள்ளியாக மின்னும் இந்த விமானத்தை வைத்துத்தான் அவள் புருஷன் கரையை அடையாளம் பிடிப்பானாம். இதை எடுத்துவிட்டால் எப்படி வருவான் என்று கேட்டாள். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னோம். எப்படியும் புதிதாகச் செய்ய வேண்டியதுதானே என்று, நசுங்கிப்போன இறக்கை நுனியை அங்கேயே விட்டுவிடச் சொன்னார்.

அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு பனையில் உயரக் கட்டினோம். அஞ்சலை பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அலை ஓரம்வரை போய்த் திரும்பி நின்று பார்த்தாள். வந்து சொன்னாள்: "சின்னதாத்தான் கீதுண்ணா. பரவால்ல, அவரு கண்ணுக்குத் தெரியும். அவரு வரணும், அவ்ளோதான்."

எதிரே வந்த பாடை

இறக்கைகளைக் கழற்றி மாட்டுவண்டிகளில் ஏற்றினோம். வாலை லாரிமேல் தூக்கிக் கட்டி, உடம்பை அதன் சொந்தச் சக்கரத்திலேயே பின்பக்கமாக உருட்டி வந்தோம். அண்ணாச்சி இதற்கென்று வாடகைக்குப் பிடித்த திருவொற்றியூர் ஷெட்டுக்கு வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. தந்திக் கம்பி வந்தால் மூங்கிலால் தூக்கிப் பிடிப்போம். மரக்கிளை வந்தால் வீட்டுக்காரரிடம் கெஞ்சுவோம்.

நாலாம் நாள் ஒரு குறுகலான இடத்தில் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்துவிட்டது. எங்களால் ஓர் அடிகூடப் பின்னால் போக முடியாது. சவத்தை நிறுத்தி வைப்பதும் முறையில்லை. கைகூப்பி நின்றேன். தீச்சட்டியோடு முன்னால் வந்த மகன் விமானத்தை மேலும் கீழும் பார்த்தான். எங்கே போகிறது என்று கேட்டான். ரிப்பேருக்கு என்றேன். பாடையை ஒரு வீட்டு வாசலுக்குள் ஒதுக்கச் சொல்லிவிட்டு எங்களுக்குக் கைகாட்டினான். "எங்க நைனாவுக்கு இனிமே இன்னா அவசரம்? உங்களுது பொழைச்சாலும் பொழைக்கும். நீங்க போங்க."

மூன்று நாள் கழுவினான்

ஷெட்டில் வேலை ஆரம்பமானதும் அந்தோணி தரைப் பலகைகளைப் பெயர்த்தான். இடுக்குகளில் மட்கிப்போன அரிசி. அதன் பக்கத்திலேயே பழுப்பாகக் காய்ந்த கறை. நான் துரு என்றேன். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

வாளியும் பிரஷுமாக உள்ளே போனவன் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. மேலே பெயிண்ட் அடித்தால் போகிறது, எதற்கு இப்படித் தேய்க்கிறாய் என்று கேட்டேன். பிரஷைக் கீழே வைக்காமலே சொன்னான்: "போறப்போ அரிசி மூட்டை, வர்றப்போ அடிபட்ட ஆளுங்க. பர்மா சண்டைலேர்ந்து என் தம்பிய இது மாதிரி ஒண்ணுலதான் எட்த்தாந்தாங்க, வழியிலயே பூட்டான். இதேதானான்னு தெர்ல நைனா. அதான் முழுசா கழுவிகினு கீறேன்."

சத்தம்

ஐந்தாவது மாதம் ஓர் இன்ஜின் உயிர் பெற்றது. புகை ஷெட்டைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் விறகுக்கடை வைத்திருந்த பெரியவர் துண்டைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒன்றுமில்லை, இன்ஜினைத்தான் ஓட்டிப் பார்த்தோம் என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "போன தபா குண்டு போடுவாங்கோன்னு ஊரக் காலி பண்ணிகினு போனப்போ, எங்கம்மாவ வழியில பொதைச்சுட்டுப் போனேன். மறுபடியும் போவணும்னா முன்னாலயே சொல்லிடுப்பா."

சர்வேயர்

ஏழாவது மாதம், பறக்கத் தகுதியானதா என்று பார்க்க ஒரு சர்வேயர் வந்தார். அமைதியான மனிதர். இன்ஜின், சக்கரம், வால் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டு, இரண்டு இறக்கைகளையும் தாங்கும் நடு உத்தரத்துக்குள் டார்ச் அடித்தார். வெகுநேரம் அடித்தார். ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாக மாவு கொட்டியது. கைக்கு எட்டாத இடம். நாங்கள் யாரும் பார்க்காத இடம்.

மாற்ற முடியாதா என்று அண்ணாச்சி கேட்டார். முடியாது என்றார் அவர். அண்ணாச்சி வெளியே போய்விட்டார். அந்தோணி மட்டும் நகரவில்லை. நாங்கள் செய்ததில் ஏதாவது தப்பா என்று கேட்டான். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லப்பா. நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடியே உப்புக்காத்து தின்னுட்டுது."

உடைத்த நாள்

உடைப்பதற்கு மூலக்கொத்தளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தோணி அன்று வேலைக்கு வரவில்லை. அண்ணாச்சி காலையில் வந்து, உள்ளே ஏறி முன்னிருந்து பின்வரை ஒருமுறை நடந்தார். இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். மேற்பார்வைக்கு யாராவது நிற்க வேண்டுமே, நான் நின்றேன்.

மத்தியானத்துக்குள் தடதடவென்று எல்லாம் விழுந்தது. இடது பக்கத்துத் தகடு மட்டும் வரவில்லை. இரண்டு மாதம் குனிந்தபடி நான் ஒவ்வொன்றாக ரிவெட் அடித்த பக்கம் அது. உடைக்கிற ஆள் உளியை வைத்து அடித்து அடித்துக் களைத்துப்போய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடமே கேட்டான்: "எவன்யா இத்த அட்ச்சவன்? கயல மாட்டேங்குது, பேஜாரா கீது."

நன்றாகச் செய்த வேலைக்கு எங்கள் தொழிலில் பாராட்டு கிடைக்காமல் போவதில்லை. உடைக்க வருகிறவன் வாயால் கிடைக்கும், அவ்வளவுதான்.