கைப்பிடிக்கு ஒன்பது கையெழுத்து

வெல்டர் தன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் பட்டறையில் தரை கூட்டி, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். அப்புறம் சொந்தப் பட்டறை, மூன்றாவது மாடியில் சொந்த வீடு. அவர் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டினால் இரும்பு எங்கே சேர்ந்தது என்று தெரியாது. யாரும் கேட்காவிட்டாலும் இதை அவரே சொல்லிவிடுவார்.

பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. படித்தவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசி, சங்கம் அல்லாடிக்கொண்டிருந்தபோது இவரைப் பிடித்துத் தலைவராக உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த சூட்டோடு பைலாவில் ஒரு விதியைச் சேர்க்கவைத்தார். படிக்கட்டு, நடைபாதை, மொட்டைமாடி எல்லாம் பொது இடம். அங்கே ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஒன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். விதி வந்த மறுநாளே, கீழ்வீட்டு டீச்சர் நடைபாதையில் கட்டியிருந்த துணிக்கொடியை வெல்டர் தன் கையாலேயே அறுத்து, சுருட்டி, அவரிடமே நீட்டினார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் உள்ளே போனார்.

அடுத்த வருடம் வெல்டரின் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன். கம்பியைப் பிடித்துத்தான் படி ஏற வேண்டும் என்றார் டாக்டர். அந்தப் படிக்கட்டிலோ ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பிடிக்குள் அடங்காத தடித்த கைச்சுவர். வெல்டர் யோசிக்கவே இல்லை. சங்கத்துக்கே தலைவர், அவர் யாரைக் கேட்பது? பட்டறையில் கைப்பிடி தயாரானது, சுவரில் ஏறியது. மனைவி அதைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை டீச்சர் படியடியில் நின்றிருந்தார்.

"தலைவரே, இதுக்கு எத்தனை பேர் கையெழுத்து?"

"தலைவரே நான்தானே."

"தலைவருக்கும் ஒரு வீடு, ஒரு கையெழுத்துதான். நீங்க போடவச்ச சட்டம்."

வெல்டர் வெட்டும் மெஷினை எடுத்துவந்தார்.

"போல்ட்டைக் கழட்டினாப் போதுமே."

"நான் எதையும் அரைகுறையா செய்யறவன் இல்ல."

பொறி பறக்க அறுத்து, துண்டுகளை வாசலில் அடுக்கிவிட்டு நிமிர்ந்த நடையோடு மேலே போனார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் மனைவி. "அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நான் எப்படிப் போறது? ஜன்னல் வழியாவா?"

"நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்றேன்."

"நாலு பேர் தூக்கற நாள் தானா வரும். இப்ப நான் நடந்துதான் போவேன். போய்க் கேளுங்க."

"நானா? போயா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு புறப்பட்டார். முதல் வீட்டில் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அழைப்புமணி சரியாக அடிக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் போனார். தன்னுடையதையும் சேர்த்து எட்டு தேறியது. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது, ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மிச்சம் டீச்சர்தான்.

"உட்காருங்க."

"உட்கார வரல. ஒரு கையெழுத்து வேணும். அவ படி ஏறணும்."

"அன்னைக்கே இந்த வார்த்தை வந்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்," என்று டீச்சர் பேனாவைத் திறந்தார். போட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினார். துணிக்கொடிக்கு. அதிலும் எட்டுதான் இருந்தது.

"எத்தனை நாளா வச்சிருக்கீங்க?"

"உங்க வாசலுக்கு வந்து நிக்க எனக்கு மனசு வரல."

வெல்டர் உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாக, அழுத்தி, தன் பெயரைப் போட்டார்.

அறுத்த துண்டுகளையே மறுபடி பற்றவைத்து, தேய்த்து, வண்ணம் அடித்து மாட்டினார். கொடிக்குத் துருப்பிடிக்காத கம்பி அவர் உபயம். டாக்டரைப் பார்க்க மனைவி ஒவ்வொரு படியாக இறங்கிவந்தபோது, டீச்சர் கீழே நின்று கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இங்கதானே அறுத்தீங்க?"

"இல்ல."

"இங்க?"

"நாள் பூரா தேடுங்க டீச்சர், கிடைக்காது," என்றார் வெல்டர்.

"வழிய விட்டுட்டுப் பெருமை பேசுங்க," என்றாள் மனைவி.