பௌதியின் பென் டிரைவ்

கல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. நான் வங்காளம் பேசுவதைக் கேட்டால் யாரும் என்னை வெளியூர்க்காரி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைப் பார்ப்பதில்லை. கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறிவிடுவேன். யாராவது செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். என் கணவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் என் ஜம்பம் என்ன ஆவது?

டாக்குரியாவில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தவரைப் பௌதி என்றுதான் கூப்பிடுவேன். நம் ஊர் அண்ணி மாதிரி. நாங்கள் வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். மீன் வாசனை எனக்கு ஆகாது என்று அதற்காகவே புதுப் பாத்திரம் ஒன்று வாங்கினார். அந்தப் பாத்திரம் இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. கூடப்பிறந்த அக்காவிடம்கூட எனக்கு இவ்வளவு பிரியம் கிடையாது. நாங்கள் பேசிக்கொண்டது வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பௌதியின் கணவர் பள்ளியில் வங்காளம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் இருக்கும் கணினிக்கு மட்டும் இங்கிலீஷ் எதற்கு என்று, திரையில் வருவதையெல்லாம் வங்காளத்துக்கு மாற்றி வைத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார். அவருடைய குரல் மிச்சமிருந்தது அந்தக் கணினியில் மட்டும்தான். புதிதாக வாங்கிய மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் பதிவு செய்த சில விநாடிப் பேச்சு அது.

புனேயில் இருக்கும் மகனிடம் போய்விடுவதென்று முடிவானதும், கரியாஹாட்டில் பழைய கணினி வாங்கும் கடை ஒன்றுக்கு அதைக் கொடுக்க ஏற்பாடு செய்தார் பௌதி. எடுத்துப்போக ஆள் வரும் நாளில் என்னைக் கூப்பிட்டு ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"ஃபோட்டோ எல்லாம் ஏத்து. அவர் பேச்சையும் மறக்காம ஏத்திடு. ஆபீஸ்ல நீ இதே வேலையாத்தானே இருக்கே."

ஏற்றினேன். பச்சைக் கோடு கடைசிவரை வந்துவிட்டதுபோல் தெரிந்தது. எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே, உடனே கழற்றுவதற்கான குறியை அழுத்தினேன். திரையில் சின்னப் பெட்டி ஒன்று முளைத்தது. உள்ளே இரண்டு வரி வங்காளம்.

பௌதி கண்ணாடி போட்டிருக்கவில்லை. "என்ன சொல்லுது?" என்றார்.

"எடுத்துக்கலாம்னு சொல்லுது" என்றேன், படித்தவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டு. பிடுங்கினேன்.

என் மடிக்கணினியிலும் ஒரு பிரதி போட்டுவைக்கலாம் என்று அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஃபோட்டோக்கள் திறந்தன. அவர் பேச்சு திறக்கவில்லை. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஓடிப்போய் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கணினியை ஏற்றிக்கொண்ட வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

பௌதியிடம் சொல்லவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்துக் கரியாஹாட் போனேன். நல்லவேளை, கடைக்காரர் இன்னும் எதையும் அழித்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுக் கணினியை இணைத்துக் கொடுத்தார். அது கடவுச்சொல் கேட்டது.

"இது தெரியாம உள்ள போக முடியாது, தீதி" என்றார், நம் ஊரில் அக்கா என்பதுபோல.

வேறு வழியில்லை. பௌதிக்குப் போன் செய்தேன். "தப்புப் பண்ணிட்டேன் பௌதி. அவர் பேச்சு ஏறலே. அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்ததுன்னே எனக்குத் தெரியாது. எனக்கு வங்காளம் படிக்க வராது. ஒரு எழுத்துகூட."

"அந்தக் கடையிலயா இருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினார். இந்த முறை கண்ணாடி இருந்தது. என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். நான் மறுபடி ஏற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டேன்.

"ஹலோ, ஹலோ" என்றது அவர் குரல். "இங்க வந்து நீயும் ஒரு வார்த்தை பேசேன்."

பதிவிலேயே தூரத்திலிருந்து பௌதியின் குரல் வந்தது. "மீன் அடிபிடிக்குது. அப்புறம் வரேன்."

அவர் சிரித்தார். "சரி, அப்புறம்." அதோடு முடிந்தது.

பௌதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கழற்றும் குறியை அழுத்தினேன். அதே பெட்டி, அதே இரண்டு வரி. பௌதி ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். "இந்தக் கருவி இன்னும் பயன்பாட்டில் உள்ளது. திறந்திருப்பதை மூடிவிட்டு மீண்டும் முயலவும்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை கல்யாணப் பத்திரிகை உன் கையில குடுத்திருக்கேன். எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நீங்க கிளம்புற வரைக்கும் காத்திருந்து உங்க பின்னாலேயே வந்துடுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரரும் சிரித்தார். பௌதி திறந்திருந்ததை மூடிவிட்டுக் குறியை அவரே அழுத்தினார். வேறொரு வரி வந்தது. "இப்ப எடுக்கலாம்னு நிஜமாவே எழுதியிருக்கு. எடு."

"நீங்களே எடுங்க" என்றேன். மெதுவாக உருவிக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். வந்த பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டு, "இது நம்மது இல்லே" என்றார். அடுத்ததைப் பார்த்துக்கொண்டே, "நான் போன அப்புறம் யார் பின்னால போவே?" என்று கேட்டார்.

அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.