லொரெட்டாவின் இரண்டாவது கேக்

லொரெட்டா கிம்மல் பட்டம் வாங்குவதற்கு முன்பே பட்டமளிப்பு விருந்து வைத்தவள். ஸ்டில்வெல் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தில் இது தெரியாத ஆள் ஒருவர் இருந்தால் அது அந்த வாரம் பிறந்த குழந்தையாகத்தான் இருக்கும். அதற்கும் தொட்டிலில் குனிந்து யாராவது சொல்லியிருப்பார்கள்.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்துகள் எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்று பணிமனையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் கத்துவது அவள் வேலை. மாலையில் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படித்தாள். இரண்டு வருடப் படிப்பு அது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்து, ட்வைட்டின் முதுகு ஆபரேஷன், மகள் கல்யாணம், கூரை மாற்றியது என்று நடுநடுவே விட்டு, அதைப் பதினோரு வருடம் படித்தாள். ட்வைட் அவள் கணவன். பெண்டாட்டி எதில் மும்முரமாக இருந்தாலும் அந்த நேரத்தில் தன்னைக் கேள்வி கேட்க மாட்டாள் என்று நிம்மதியாக இருக்கும் மனிதன்.

படித்ததில் தப்பில்லை. படிக்கிறேன் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. சர்ச்சில் பேன்கேக் காலைச் சாப்பாட்டின்போது மைக் வேலை செய்யாவிட்டால் "சிஸ்டத்தைப் புரிஞ்சுக்கணும்" என்பாள். பவுலிங் கூடத்தில் மதிப்பெண் பலகை அணைந்தால் "இது டிசைன் கோளாறு" என்பாள். சரிசெய்துதான் தருவாளா என்றால் அதுவும் இல்லை. கோளாறு என்று சொல்வதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் கடைசிப் பாடம் முடிந்தது என்று நினைத்து கராஜில் விருந்து வைத்தாள். மடக்கு மேசைகள், ஹாம் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், நடுவில் ஒரு பெரிய சதுரக் கேக். அதன்மேல் நீல ஐசிங்கில் ஒரு கம்ப்யூட்டரும் அவள் பெயரும். வந்தவர்கள் வாழ்த்து அட்டைக்குள் நோட்டு வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலேஜ் சொன்னது: பாடத்திட்டம் மாறிவிட்டது, சிஸ்டம் அனாலிசிஸ் என்று ஒரு பாடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதை முடித்தால்தான் பட்டம். அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கேக்கோ செரித்தே போய்விட்டது.

அன்றிலிருந்து ட்வைட்டின் தங்கை நொரீன் அவளை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"லொரெட்டா, அடுத்த கேக் எப்போ? பல் இருக்கும்போதே சொல்லிடு."

நொரீன் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை பார்த்தாள். ஊரில் யார் என்ன தப்பு செய்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும், இரண்டாவது அவள் வாயில். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நொரீன் வாய்க்குக் கொட்டகைக் கதவே போதாது.

அந்தப் பாடமோ மூன்று வருடமாக நடக்கவில்லை. பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து என்பது காலேஜின் சட்டம். ஒவ்வொரு பருவமும் லொரெட்டா சேர்வாள், வகுப்பு தொடங்கும் முன்பே ரத்தாகும். இந்த முறையும் தொப்பிச் சட்டை போட்ட மூன்று பையன்களும் அவளும்தான். இதுவும் போனால் அடுத்த வருடம் பாடத்திட்டம் இன்னொரு தடவை மாறும் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பட்டம் இல்லாமல் சாவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். சவ அடக்கத்துக்கு வந்து நொரீன் கேக்கைப் பற்றிப் பேசுவதைத் தாங்க மாட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கேக் சாப்பிட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"பாஸ்டர் கெய்ல், நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"லொரெட்டா, நான் கம்ப்யூட்டர் படிச்சு என்னம்மா பண்ணப் போறேன்?"

"படிக்க வேணாம். பேர் குடுத்து, முதல் ரெண்டு வாரம் உக்காந்தா போதும். அதுக்குள்ள விலகிட்டா கட்டின பணம் முழுசா திரும்ப வந்துரும்."

பாஸ்டர் வந்தார். முடி வெட்டும் டார்லா வந்தாள். பவுலிங் அணியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ட்வைட்டைக் கேட்கவே இல்லை, பெயரை எழுதிவிட்டாள். ஒரு தலை குறைந்தது. வேறு வழியில்லாமல் நொரீனிடம் போனாள்.

"நானா? அன்னிக்கு நான் கேக் தொடவே இல்லை. ரொம்ப இனிப்பு."

"நொரீன், கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சறியா? இதைப் பாக்கவே நான் வரலாம்," என்றாள் நொரீன்.

பாடம் நடத்தியவர் மிஸ்டர் பிரென்னன். மூன்று காலேஜில் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் எடுப்பவர். எதிலும் அவருக்கு அறை கிடையாது. மாணவர்கள் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் காரின் முன்சீட்டுக்குப் போக வேண்டும். வகுப்பு ரத்தானால் அவருக்கும் அந்தப் பருவத்துக்குக் கூலி இல்லை. சிஸ்டம் அனாலிசிஸ் எடுக்க முன்பே புரோகிராமிங் பாடம் முடித்திருக்க வேண்டும். காலேஜின் கம்ப்யூட்டர் அதையெல்லாம் பார்ப்பதில்லை, பார்ப்பது வாத்தியார் பொறுப்பு. கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுக்கும் காலேஜின் கம்ப்யூட்டர் லட்சணம் அது. பிரென்னன் பயந்த சுபாவம். நாளைக்கு யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்று, முன்பாடம் படிக்காத அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சிறப்பு அனுமதி பதிவு செய்துவைத்தார். அனுமதி தேவைப்படாதவர்கள் அந்தப் பையன்களும் லொரெட்டாவும்தான்.

இரண்டு வாரம் பாஸ்டர் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். பவுலிங்காரர்கள் தூங்கினார்கள். டார்லா ஒரு பையனின் தலைமுடியைப் பற்றி அவனிடமே வருத்தப்பட்டாள். பிறகு பணம் திரும்ப வரும் கடைசி நாளில் கூட்டமாகப் போய் விலகினார்கள். வகுப்பு ஒருமுறை தொடங்கிவிட்டால் காலேஜ் மறுபடி தலை எண்ணாது. லொரெட்டா ஜெயித்துவிட்டாள்.

நொரீன் மட்டும் விலகவில்லை.

"ஏன் இன்னும் வர்ற?" என்று லொரெட்டா கேட்டாள்.

"பிடிச்சிருக்கு. ஒரு ஆபீஸ்ல போய் எவன் எவன் என்ன தப்பு பண்றான்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு மார்க் வேற குடுக்கறாங்க. இத்தனை வருஷம் நான் இதைச் சும்மாவே பண்ணிட்டிருந்தேன்."

பருவத் திட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர வேண்டும். பையன்கள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மிச்சம் இவர்கள் இருவர்தான். ஏதாவது ஒரு அலுவலகம் நடக்கும் முறையை ஆராய்ந்து, அதில் உள்ள ஓட்டையைச் சொல்லி, அதை அடைக்கும் வழியையும் எழுத வேண்டும். கடைசியில் டீன் விட்லாக் அம்மாள் முன்னால் பேச வேண்டும். நொரீன் ஆஸ்பத்திரி கேன்டீனைச் சொன்னாள். டீன் வருகிறாள் என்று கேட்டதும் லொரெட்டாவுக்குக் கேன்டீன் சூப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"காலேஜோட அட்மிஷன் முறையையே எடுப்போம். தகுதி இல்லாதவங்க கடைசிப் பாடத்துல வந்து உக்காரலாம், கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்காது. எவ்வளவு பெரிய ஓட்டை."

"அந்த ஓட்டை வழியாதானே நான் உள்ள வந்தேன். நீதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தே."

"பேர் எதுவும் போட மாட்டோம். பொதுவா சொல்வோம்."

விஷயம் கேட்டு பிரென்னன் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு கொஞ்சமாக இறக்கி, "வேற ஏதாவது எடுக்கலாமே, ப்ளீஸ்," என்றார். லொரெட்டா கேட்பாளா? இந்தக் காலேஜ் அவளைக் கேக்கோடு நடுத்தெருவில் நிறுத்தியது. இப்போது அதற்கே புத்தி சொல்லும் நாள் வந்திருக்கிறது.

தீர்வை அவளே எழுதினாள். ஒவ்வொருவரும் முன்பாடம் முடித்திருக்கிறாரா என்று கம்ப்யூட்டரே பார்க்க வேண்டும். முடித்திருக்க வேண்டும், அல்லது பருவம் தொடங்கும்போதே அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவரைக் கம்ப்யூட்டரே நீக்கிவிட வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு டீனே கொடுத்தாலும் அனுமதி செல்லாது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது அவளுக்கு மெய் சிலிர்த்தது.

நொரீன் படித்துப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"பாடத்திட்டம் மாறினப்போ பாடத்துக்கெல்லாம் நம்பர் மாத்தினாங்களே. பழைய நம்பர்ல படிச்சவங்க கதி என்ன? கம்ப்யூட்டருக்கு அது இதுதான்னு எப்படித் தெரியும்?"

"அவ்வளவு காலமா இன்னும் முடிக்காம எவ இருப்பா?"

நொரீன் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாழ்நாளில் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இதே கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் லொரெட்டா யோசித்திருப்பாள். கேட்டது நாத்தனார். அதனாலேயே அது தப்பான கேள்வியாகிவிட்டது.

பேச்சு பிரமாதமாக நடந்தது. டீன் எழுந்து நின்று கைதட்டினாள். "இதை உடனே, இந்தப் பருவத்துக்கே போட்டுப் பாக்கறோம்," என்றாள். லொரெட்டா வீட்டுக்குப் போகும் வழியிலேயே மளிகைக்கடையில் நிறுத்தி, போன தடவையைவிடப் பெரிய கேக்குக்குச் சொன்னாள். ஊர் முழுக்க அழைப்பும் போனது.

நுணலும் தன் வாயால் கெடும். புதிய முறை ஓடத் தொடங்கிய காலையில் காலேஜின் கம்ப்யூட்டர் சிஸ்டம் அனாலிசிஸ் வகுப்பைப் பார்த்தது. பையன்கள் மூவரும் புரோகிராமிங் முடித்தவர்கள், சரி. நொரீனுக்கு அனுமதி இருந்தது, சரி. லொரெட்டா கிம்மல் பத்து வருடத்துக்கு முன் வேறொரு எண்ணில் வேறேதோ பாடம் படித்திருந்தாள். அனுமதியும் இல்லை. கம்ப்யூட்டர் அவளை நீக்கியது.

அவள் டீனிடம் ஓடினாள். டீன் அம்மாள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, லொரெட்டா. அந்த விதி ரொம்ப நல்லாயிருக்குன்னு நிர்வாகக் குழுவும் ஒத்துக்கிச்சு. நீங்க எழுதினதுதானே."

"அப்ப நான் என்ன பண்றது?"

"புரோகிராமிங்கைப் புது நம்பர்ல திரும்ப எடுங்க. அப்புறம் இதை எடுங்க. பத்துப் பேர் சேந்தா நடக்கும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்குப் பட்டத்து உடை வாடகையும் சேர்த்துக் கட்டியவள் இவள் ஒருத்திதான். பிறகு தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று மாலை பணிமனை வாசலில், வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் அழுததை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்து மாலைகள் அவை. குளிரிலும் பனியிலும் போய்ப் படித்த மாலைகள்.

பருவம் முடிந்தது. நொரீன் முதல் மதிப்பெண் வாங்கினாள். லொரெட்டா நீக்கப்பட்டது அப்போது ஊரில் ட்வைட்டுக்கும் நொரீனுக்கும்தான் தெரியும். விருந்துக்கு மிச்சமிருந்த நாட்களில் டார்லாவின் சலூன் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று லொரெட்டா காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. நொரீன் விருந்துக்காக அதைச் சேர்த்துவைத்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. விருந்தை நிறுத்திவிடலாம் என்று ட்வைட்டிடம் சொன்னாள். அவன் ஏற்கெனவே நாற்காலிகளைப் போட்டிருந்தான்.

சனிக்கிழமை கராஜ் நிறைந்துவிட்டது. கேக் நடுவில் இருந்தது. பாஸ்டர் கெய்ல் தட்டோடு முதல் ஆளாக நின்றார். லொரெட்டா ஓர் ஓரமாகக் குளிர்பதனப் பெட்டியோடு ஒட்டி நின்றாள். நொரீன் கத்தியை எடுத்து மேசையில் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் நொரீன். "லொரெட்டாவுக்கு இன்னும் பட்டம் வரலை. அவ படிச்ச பாடம் எதுன்னு அந்தக் காலேஜுக்கே தெரியலை. யாராவது சிரிக்கணும்னா வெளியில போய்ச் சிரிங்க. அந்த வேலை இங்க என்னுது, நான் பாத்துக்கறேன்."

நொரீன் கேக்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை விரித்தாள்.

"அடுத்த பருவத்துக்கு புரோகிராமிங் நடக்கப் பத்துத் தலை வேணும். போன தடவை கேக்கைத் தின்னுட்டு ரெண்டே வாரத்துல ஓடிட்டீங்க. இந்தத் தடவை முதல்ல பேர், அப்புறம் கேக். நானும் சேர்றேன். கடைசிப் பாடத்துல முதல் மார்க் வாங்கிட்டேன், முதல் பாடம் இன்னும் பாக்கி இருக்கு."

பாஸ்டர் தட்டைக் கீழே வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கேக்கைப் பார்த்தார். "என் பேரை எழுதிக்கோ, நொரீன். ரெண்டு துண்டு வேணும்," என்றார். பின்னால் டார்லாவும் பவுலிங் அணியும் வரிசையில் வந்தார்கள். ட்வைட் யாரும் கூப்பிடாமலேயே போய் நின்றான்.

லொரெட்டா முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத் தட்டை எடுத்தாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வரும்போது கேக்கில் அவள் பெயரின் கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம் இருந்தது. நொரீன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராதவள் போல அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேர்?"

"லொரெட்டா கிம்மல்," என்றாள் லொரெட்டா.