மாரமங்கலத்துக்கு வந்த தாய்மாமன்

காலை ஆறேகாலுக்குச் சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். எல்லாரிடமும் தமிழில் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்த கண்டக்டர், என்னைக் கண்டதும் "வேர் கோயிங்?" என்றார். "ஏற்காடு ஒண்ணுங்க" என்றேன். மீதிச் சில்லறையை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

அவர்மேல் குற்றமில்லை. அம்மா மாரமங்கலத்துக்காரர், சென்னையில் நர்ஸாக இருந்தவர். அப்பா கானா நாட்டிலிருந்து படிக்க வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். முகமும் சுருட்டை முடியும் எனக்கு அப்பா கொடுத்தவை. சென்னையில் என்னை ஆப்பிரிக்காக்காரன் என்பார்கள். கானாவில் என் அத்தைகள் இந்தியாக்காரன் என்பார்கள். இரண்டு இடத்திலும் உபசாரத்துக்கு மட்டும் குறைவே இருக்காது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் காது அடைத்துவிட்டது. ஏற்காட்டில் பதினைந்து ரூபாய்க்குக் காப்பி குடித்துவிட்டு மாரமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிக் கிடந்தது. கீழே காப்பிச் செடிகள் ஈரமாக நின்றன. எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. என் சித்தி மகள் கோகிலாவின் பெண் குழந்தைக்கு அன்று காது குத்து. கோகிலாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. "நீங்கதானுங்ணா மாமன். உங்க மடியிலதான் புள்ளைய உக்கார வெக்கோணும்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் கல்யாணத்தின்போது நான் கானாவில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்ததே இல்லை. ஊர் பார்க்க அந்தக் குழந்தையை என் மடியில் விடுவார்களா? சேலத்திலிருந்தே இந்தப் பயம் கூடவே வந்துகொண்டிருந்தது.

கோகிலாவின் கணவர் செல்வம் என்னைக் கூட்டிப்போக பைக்கில் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார். நானோ அவசரக்குடுக்கையாக முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வழி கேட்டுக் கோயிலுக்கு நடந்துவிட்டேன். பந்தலில் நின்ற செல்வத்தின் அம்மா என்னைப் பார்த்தார். எஸ்டேட் விடுதியிலிருந்து படமெடுக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார் போலும். "சாருக்குச் சேர் போடுங்க!" என்றார். ஓரமாக, நிழலில், எனக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்தது. மோரும் வந்தது.

"நொம்ப நன்றிங்க" என்றேன்.

"அட, தமிழு நல்லாப் பேசறீங்களே!" என்று பூரித்துப் போனார். நான் யாரென்று அப்போதே சொல்லியிருக்கலாம். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்த வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தார் கோகிலாவோடு கோயிலுக்குள் இருக்க, பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பொறாமையாக இருந்தது.

காது குத்தும் ஆசாரி ஊசியோடு தயாரானார். "தாய்மாமன் யாருங்க? வந்து உக்காருங்க."

எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"நாந்தானுங்க."

ரோட்டைப் பார்த்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அதற்குள் கோயிலுக்குள்ளிருந்து குழந்தையோடு வந்த கோகிலா, "அண்ணா! எப்ப வந்தீங்க? சேர்ல என்ன பண்றீங்க?" என்று கத்திக்கொண்டே குழந்தையை என்னிடம் நீட்டினாள். பாயில் உட்கார்ந்தேன். குழந்தை என் சுருட்டை முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் அவள் அலறிய அலறலில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

செல்வமும் வந்து சேர்ந்தார். அவர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நான் கொண்டுவந்த சீர்த்தட்டைக் கிளறினார். கொலுசு, பட்டுப்பாவாடை, பழம்.

"ஏனுங்க தம்பி, மாப்பிள்ளைக்கு வேட்டி எங்கீங்க?"

குழந்தைக்கு எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"நல்லா இருக்குது மாமன் சீரு! எங்க பையன் எளப்பமா உங்களுக்கு? கோயில் நோம்பிக்கு வாரப்ப வேட்டியில்லாம ஊட்டுக்குள்ள கால் வெச்சுப்புடாதீங்க!"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் என்னை மரியாதையாக நடத்தியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படி உரிமையோடு குறை சொன்னதில்லை. விருந்தாளியின் சீரை யார் எடை போடுவார்கள்?

மாலை பஸ் குப்பனூர் வழியாக இறங்கியது. சென்னை பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து பட்டுக்கரை வேட்டி கேட்டேன். கடைக்காரர் பிரித்துக் காட்டி, "ஃபார் யூ, சார்?" என்றார்.

"இல்லீங்க," என்றேன், "எங்க மாப்பிள்ளைக்கு."