பாப்பாமோட்டை மைதானத்தில் விரித்த வெள்ளைத் துணிகள்

இதில் வருபவை:

1. மாரி மழையில் மன்னாருக்குப் புறப்பட்ட காரணம்.
2. பாதை எங்கே துண்டிக்கப்பட்டது.
3. அவசர இலக்கத்தில் பேசியவர் தேவையில்லாத கேள்விகளால் நேரத்தைக் கடத்தியது.
4. போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

மன்னார் ஓலைத்தொடுவாயில் என் மனைவி ரெஜினாவின் தோழி வீட்டில் கல்யாணம். மழை என்று நான் தயங்கினேன், அவள் தயங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணி பஸ். பூநகரி வழியாக மன்னாருக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், சாதாரண நாளில் மூன்று மணித்தியாலம் போதும். வழியில் பாப்பாமோட்டையில் அவளுடைய தம்பி அந்தோனி வீட்டில் ஓரிரவு தங்கினோம். விடிந்தபோது ஊரின் இரு பக்கமும் வீதி வெள்ளத்துக்குள் கிடந்தது.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரெஜினா நெஞ்சைப் பிடித்தாள். உடம்பெல்லாம் வியர்வை. அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். மன்னாரிலிருந்து வந்த அம்புலன்ஸ் வெள்ளத்தின் மறுகரையில் நின்றுவிட்டது. அந்தோனி ட்ரக்டரைக் கொண்டுவந்தார்.

"அக்காவை ஏத்துங்கோ அத்தான். நான் கடத்திவிடுறன்."

தொலைபேசியில் இருந்த பெண் மறித்தார். "வேண்டாம் ஐயா. நடுத்தண்ணியில ட்ரக்டர் நிண்டா ஒருத்தரும் கிட்ட வரேலாது. விமானப்படையிட்ட ஹெலிகொப்டர் கேட்டம், ஓம் எண்டிட்டினம். அவவைச் சாய்ச்சு இருத்துங்கோ. மைதானம் இருக்கோ? கரண்ட் வயர்? ஆடு மாடு? நிலத்தில பறக்கக்கூடிய சாமான் ஏதும்?"

பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, மற்றது ஒன்றும் இல்லை என்றேன். மனைவியின் உதடு வெளிறுகிறது, இவர் ஆட்டை விசாரிக்கிறார் என்று உள்ளுக்குள் பொருமினேன். ட்ரக்டரை மறுத்தது சரியா என்பதும் தெரியவில்லை.

கதிரையோடு அவளைத் தூக்கிப்போய் மைதானத்தின் ஓரம் இருத்தினோம். ஹெலிச் சத்தம் கேட்டதும் ஊர் சனம் வீடுகளுக்குள் ஓடியது. வேட்டியும் படுக்கை விரிப்புமாகத் திரும்பி வந்து புல்லில் விரித்தது. யுத்த காலத்துப் பழக்கம். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

ஹெலி தாழ வந்தது. பிறகு மேலெழும்பி விலகியது.

"என்னை விட்டிட்டுப் போறாங்களோ?" என்றாள் ரெஜினா. தொலைபேசி அடித்தது.

"ஐயா, நிலத்தில வெள்ளையாக் கிடக்காம். என்னது?"

"துணி, பிள்ளை."

"உடன எடுக்கச் சொல்லுங்கோ. விசிறிக்குள்ள இழுபட்டா ஹெலியே விழுந்திடும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் கேட்கக் கத்தினேன். துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிய அந்தோனியை ஒரு கிழவர் கேட்டார்: "டேய், வெள்ளை இல்லாட்டிச் சுடமாட்டாங்களோ?"

"இப்ப ஆர் அப்பு சுடுறது? பூசைக்குக் கட்டுற என்ர வேட்டியை விடுங்கோ."

ஹெலி திரும்பி வந்து இறங்கியது. ரெஜினா இப்போது நலம். கல்யாணத்தைத் தவறவிட்டதற்கு என்னோடு கோபம்.

யோசனைகள்: மாரியில் இந்தப் பாதையைத் தவிருங்கள். மருந்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கையோடு வைத்திருங்கள். அவசரத்தில் இடம் சொல்ல, தங்கும் ஊரில் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டு வையுங்கள். ஹெலி வருமென்றால் துணி, தொப்பி, பாய் எதையும் தரையில் விடாதீர்கள்.

தொடக்கப் பட்டியலில் மூன்றாவதாக எழுதியது பிழை. பறக்கக்கூடியது ஏதும் உண்டா என்று அவர் முதலிலேயே கேட்டார். இல்லை என்று சொன்ன நானே, துணி விரித்தபோது ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.